ஆபரேஷன் நடந்த பக்கம் அம்மாவின் கை வீங்கிவிட்டது. இப்படி ஆகலாம் என்று யாரும் சொல்லவில்லையே, டாக்டர்?

பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாசகியின் அம்மாவுக்கு 52 வயது. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 14 முடிச்சுகள் என்று இருக்கிறது. அதன்பின் கீமோ, பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு இடது கை வீங்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை, ரவிக்கையின் கைப்பகுதியைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ‘யானைக்கால் வியாதி கையில வந்திருக்கு’ என்று தெருவில் சொல்ல, மெடிக்கல் ஷாப்பில் யானைக்கால் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சூடாக எண்ணெய் தேய்த்து உருவியும் பார்த்திருக்கிறார்கள். போன மாதம் குளிர் காய்ச்சல் வந்து கை முழுக்கச் சிவந்துபோய், அரசு மருத்துவமனையில் மூன்று நாள் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. இப்போது கையை ஒரு துணியில் கட்டித் தொங்கவிட்டு, எந்த வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவர் கேட்பவை: இது குணமாகுமா? அம்மா மறுபடி வேலைக்குப் போகலாமா? இப்படி ஆகலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லாத மருத்துவமனை மேல் வழக்குப் போடலாமா? அடுத்த மாதம் இதே ஆபரேஷன் செய்துகொள்ளப்போகும் சித்தி, அக்காவின் கையைப் பார்த்துவிட்டு ‘எனக்கு வேணாம்’ என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மா பயந்துவிடுவார் என்று, கேன்சர் என்பதைச் சொல்ல வேண்டாம் எனக் குடும்பமே டாக்டரிடம் கேட்டுக்கொண்டது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அண்ணன்.

அன்புள்ள வாசகிக்கு,

வழக்கு, சித்தி எல்லாவற்றையும் பிறகு பேசுவோம். முதலில் இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்மாவை ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போய் அக்குளையும் கழுத்தெலும்புப் பக்கத்தையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் கழித்துப் புதிதாக வரும் வீக்கம் பெரும்பாலும் நிணநீர் வீக்கமாகத்தான் இருக்கும். ஆனால் நோய் அக்குளில் திரும்ப வந்தாலும் கை வீங்கும், கையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தாலும் வீங்கும். இந்த இரண்டும் இல்லை என்று உறுதி செய்யாமல் மற்ற எதையும் தொடங்கக் கூடாது. பரிசோதனையோடு ஒரு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக மனமில்லை என்றால் ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். பழைய சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், கரண்ட் வைத்த சீட்டு மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

யானைக்கால் மாத்திரை ஏன் உதவாது

உங்கள் தெருவில் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. கடலூர், புதுச்சேரி கடற்கரைப் பகுதி முழுக்க யானைக்கால் நோய் பல தலைமுறையாக இருந்த இடம். கொசு பரப்பும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் மையம் 1975இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. 1981 முதல் 1985 வரை இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைக் குறைக்க நகரம் முழுக்க ஒரு பெரிய திட்டமே நடந்தது. வீங்கிய காலைப் பார்த்தே வளர்ந்த ஊரில், வீங்கிய கையைப் பார்த்தால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

யானைக்கால் நோயில் புழு நிணநீர்க் குழாய்களில் போய்த் தங்கி அவற்றைக் கெடுக்கிறது. அம்மாவுக்கு நடந்தது வேறு. ரத்தத்திலிருந்து கசிந்து திசுக்களுக்குள் வரும் நீரில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் அள்ளிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. கையின் நிணநீர் அக்குள் முடிச்சுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த முடிச்சுகளை எடுத்து, மிச்சமிருந்த பாதையும் கரண்ட் வைத்ததில் தழும்பேறி இறுகிவிட்டால், வடிகால் அடைபட்ட வயல் மாதிரி நீர் அங்கேயே தேங்கும். தேங்கும் நீரில் புரதம் அதிகம். நாளாக ஆக அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து தோல் தடிக்கும். மருத்துவர்கள் சீட்டில் ‘லிம்பெடீமா’ என்று எழுதுவது இதைத்தான்.

ஆபரேஷன் நடந்த அதே பக்கம், அந்த ஒரு கை மட்டும், முடிச்சுகளை எடுத்து ஒரு வருடம் ஆன பிறகு வீங்கியிருக்கிறது. காரணம் தெளிவாகவே தெரிகிறது. யானைக்கால் மாத்திரை புழுவைக் கொல்லும், இந்த வீக்கத்தைத் துளியும் குறைக்காது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் இரவில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையிலேயே உண்டு. நீர் பிரியும் மாத்திரை உடம்பின் தண்ணீரை இறக்கும், புரதத்தை அங்கேயே விட்டுவிடும். இந்த வீக்கத்துக்கு அதனால் பலன் கிடையாது, பொட்டாசியம் குறைந்து மயக்கம் வேறு வரலாம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ என்று எந்த டாக்டரும் எழுதித் தராதபட்சத்தில், அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று இந்த வாரம் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

சூடாக எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். சூடு அந்தக் கைக்கு ரத்தத்தை இன்னும் இழுக்கும், வீக்கம் கூடும். தோல் வறளாமல் இருக்கத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுவதில் தவறில்லை.

போன மாதம் வந்த காய்ச்சல்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த இடம்தான். நிணநீர் தேங்கிய கையில் ஒரு சின்னக் கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் கை முழுக்கச் சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்கள் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும், வீக்கம் அடுத்த படிக்கு ஏறும். அடுத்த முறை சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும். 108ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘இந்தப் பக்கம் அக்குள் முடிச்சு எடுத்திருக்காங்க.’ காய்ச்சல் அடங்கும்வரை கையில் கட்டோ மசாஜோ வேண்டாம்.

கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்திரி உடைப்பவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் தோலை எரிக்கும். விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்து, நகக்கண்ணில் வெடிப்பு விழுந்திருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டோ விளக்கெண்ணெய் தடவிக்கொண்டோதான் வேலை செய்வார்கள். அந்த ஒவ்வொரு வெடிப்பும் கிருமிக்கு ஒரு திறந்த வாசல். சாதாரணக் கையில் அது இரண்டு நாளில் ஆறிவிடும். அம்மாவின் இடது கையில் ஆறாது.

யானைக்கால் நோயாளிகளுக்கு நம் சுகாதார ஊழியர்கள் சொல்லித்தரும் பழக்கம் இந்த விஷயத்தில் அம்மாவுக்கும் அப்படியே பொருந்தும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரல் இடுக்குவரை மெல்லிய துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும், வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் அன்றே மருந்து போட வேண்டும். மீன் அரியும்போது குத்தும் முள், அரிவாள்மனை வெட்டு, சேலைக்குக் குத்தும் ஊக்கு எதுவாக இருந்தாலும் உடனே கழுவி மருந்து போட்டுவிட்டு, இரண்டு நாள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

குணமாகுமா?

முழுவதுமாகப் பழைய கையாக ஆகிவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். எடுத்த முடிச்சுகள் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் வீக்கத்தைக் கணிசமாகக் குறைத்து, குறைந்த அளவிலேயே வைத்துக்கொள்ள முடியும். அம்மா அந்தக் கையால் சமைக்கலாம், தலை வாரலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதல் இரண்டு முதல் நான்கு வாரம், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தினமும் மிக மென்மையான ஒரு வகை மசாஜ் செய்து, பல அடுக்குக் கட்டுப் போட்டுவிடுவார். கட்டோடேயே பயிற்சிகள் செய்ய வேண்டும். கை குறைந்து நின்ற பிறகு, அளவெடுத்து வாங்கிய அழுத்த உறையைப் பகல் முழுக்கப் போட்டுக்கொள்வது இரண்டாம் கட்டம். இதற்கு முடிவு தேதி கிடையாது. உறை நைந்தால் அழுத்தம் போய்விடும், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். மெடிக்கல் ஷாப் கிரேப் பேண்டேஜை வாங்கி நீங்களே இறுக்கிச் சுற்றாதீர்கள். மேலே இறுகிக் கீழே தளர்ந்தால் நீர் விரல்களுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பயிற்சி எல்லா பிசியோதெரபிஸ்டுக்கும் இருக்காது. புதுச்சேரியிலோ, சிதம்பரத்தில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியிலோ கேட்கும்போது ‘மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு வந்த கை வீக்கத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவர் வேண்டும்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு இணைக்கும் நுண் ஆபரேஷன்களும் இருக்கின்றன. சிலருக்கு உதவுகின்றன. ஆனால் கட்டும் உறையும் முறையாகச் செய்து பார்த்த பிறகு யோசிக்க வேண்டியவை அவை. விளம்பரம் பார்த்துவிட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கையை அவிழ்த்துவிடுங்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனால் தசை அசைந்தால்தான் நிணநீர் மேலே ஏறும். கையை அசைக்காமல் வைத்தால் தோளும் இறுகிப்போகும். எடையே தூக்கக் கூடாது என்று ஒருகாலத்தில் எங்கள் துறையிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஏற்கெனவே கை வீங்கிய பெண்களைக் கண்காணிப்பில், மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டித் தூக்க வைத்துப் பார்த்தது. வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது. மெல்ல என்பதுதான் இதில் முக்கியம். நாளைக்கே இரண்டு குடம் தண்ணீர் தூக்கச் சொல்லவில்லை.

வேலைக்கு வருவோம். வீட்டுக்கு அம்மாவின் சம்பளமும் தேவை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ‘வேலையை விட்டுவிடுங்கள்’ என்று எழுதுவது எனக்குச் சுலபம், உங்களுக்குச் சுலபமில்லை. காய்ச்சல் அடங்கி, கட்டுச் சிகிச்சை முடிந்து, உறை போட்ட பிறகு வேலைக்குப் போகட்டும். கொட்டை உடைப்பது வேண்டாம். பருப்பின் மேல்தோல் உரிப்பது, ரகம் பிரிப்பது மாதிரி வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், கேட்டால் ஒரு மருத்துவச் சான்று எழுதி வாங்கலாம். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. மணிக்கு ஒருமுறை எழுந்து கையைத் தூக்கி, விரலை மடக்கி நீட்ட வேண்டும்.

யாரும் சொல்லவில்லை என்பதைப் பற்றி

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அம்மா, ‘கை கனமா இருக்கு, வளையல் புடிக்கிது’ என்று சொல்லியிருக்கிறார். ‘வேலை செஞ்ச அலுப்பும்மா’ என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

இந்த நோயின் முதல் அறிகுறி அதுதான். அந்த நேரத்தில் எந்த டாக்டர் பார்த்தாலும் இரண்டு கையும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். கனம், இறுக்கம், மோதிரமோ வளையலோ பிடிப்பது எல்லாம் நோயாளி ஒருவருக்கே தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் சில வாரம் அழுத்த உறை போட்டே பலருக்கு அடக்கிவிட முடிகிறது. பார்ப்பவர் நோயாளியாக இருக்கும்போது, என்ன பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லாமல் இருப்பது சிகிச்சையில் பாதியைக் கொடுக்காமல் விடுவது. அப்படி விடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நேரமில்லை, கேட்டால் பயப்படுவார்கள் என்று மருத்துவமனைகள் சொல்லும் காரணங்களை நான் ஏற்பதில்லை. தையல் பிரிக்க வரச் சொல்லும்போது கூடவே சொல்ல முடிகிற இரண்டு நிமிடப் பேச்சு இது.

அரிதாக வரும் தொல்லை என்றும் தள்ள முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கணக்கின்படி, அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கியிருக்கிறது. முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். கரண்ட் அக்குளுக்கும் வைத்திருந்தால், உடல் எடை அதிகமாக இருந்தால் வாய்ப்புக் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வருகிறது, பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

இனி நான் சொல்வதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனை அம்மாவிடம் பேசவில்லை என்று கோபப்படுகிறீர்கள். பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். கேன்சர் என்பதை மறைத்துவிட்டால், அக்குளில் ஏன் முடிச்சு எடுத்தார்கள், கரண்ட் ஏன் வைத்தார்கள், கையை ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதையுமே சொல்ல வழியில்லாமல் போகிறது. நம் ஊரில் பல குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன, அன்பினால்தான் செய்கின்றன. ஆனாலும் டாக்டர் அந்தக் கோரிக்கைக்கு இணங்கியிருக்கக் கூடாது. சுயநினைவோடு இருக்கும் 52 வயதுப் பெண்ணின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். நீங்கள் கேட்டுக்கொண்டதால் மருத்துவமனையின் கடமை தீர்ந்துவிடாது.

அம்மாவுக்கு இப்போதாவது சொல்லுங்கள். கீமோவில் முடி கொட்டி, கரண்ட் வைக்கும் வாசலில் மற்ற நோயாளிகளோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் அவர். பெரும்பாலும் தெரிந்துகொண்டு, உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருப்பார். நீங்களாக ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால், இந்த வாரம் பார்க்கப்போகும் டாக்டரிடம் ‘எங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் நேரா சொல்லுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் பேசும்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

வழக்குப் போடலாமா?

நான் மருத்துவர். சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவெடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கை வீங்கியது என்பதாலேயே ஆபரேஷனில் கவனக்குறைவு என்று ஆகிவிடாது. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சிலருக்கு இது வரும், புற்று பரவியிருந்தால் முடிச்சுகளை எடுக்காமல் விடவும் முடியாது. அந்தக் கோணத்தில் வழக்கு நிற்பது கடினம். சொல்லாமல் விட்டது வேறு விஷயம். 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் பற்றி நோயாளிக்குப் போதிய விவரம் தந்து பெறுவதே சம்மதம் என்றது. வெகு அபூர்வமான ஆபத்துகளையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு வருவதை அபூர்வம் என்று வாதாடுவது சிரமம். அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த சம்மதம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. உங்கள் அண்ணனின் கையெழுத்து விஷயத்தில் இதை வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். எதிர்த்தரப்பு, ‘குடும்பமே சொல்ல வேண்டாம் என்றது’ என்று நிச்சயம் சொல்லும். அதற்கும் தயாராக இருங்கள்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமனை புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். அதை வீக்கம் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காமல், ஆபரேஷன் நாளிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது ஆறு மாதம்.

முதல் வேலை, கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம் ஆகியவற்றின் நகல் கேட்டு அம்மாவின் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குவது. 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. படிவத்தில் கை வீக்கம் பற்றி அச்சிட்ட ஒரு வரி இருக்கிறதா, அது தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் அம்மாவுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். இழப்பீடா? உறைக்கும் சிகிச்சைக்கும் ஆகும் செலவா? இனி அங்கே வரும் பெண்களுக்காவது சொல்லித்தர வேண்டும் என்பதா? கடைசி இரண்டுக்கும், வழக்குக்கு முன்பே நிர்வாகத்துக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுத்துப் பார்க்கலாம். என் கருத்தில் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பதில் வராமல் இழுத்தடித்தால், காலக்கெடுவுக்குள் ஆணையத்துக்குப் போங்கள்.

சித்திக்கு

அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. கை வீக்கம் வாழ்நாள் தொல்லை, புற்று உயிரை எடுத்துவிடும். ஐந்தில் ஒருவருக்கு என்றால் ஐந்தில் நான்கு பேருக்கு வராமலும் போகிறது. அக்காவுக்கு வந்ததால் தனக்கும் வரும் என்று அவர் நினைக்கலாம். இது அப்படிக் குடும்பத்தில் வரும் தொல்லை என்று அவர் பயப்பட வேண்டியதில்லை.

அவருக்கு அக்குளில் நெறி கட்டாமல் இருந்தால், முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் ‘சென்டினல் நோட்’ முறை பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொருந்தாது, கேட்பதில் தவறில்லை. அக்குளுக்கும் கரண்ட் வருமா, கை கனத்தால் அங்கே யாரைப் பார்க்க வேண்டும், தோள் பயிற்சி எந்த நாளில் தொடங்கலாம் என்றும் கேட்கட்டும். நீங்கள் கூடவே போங்கள், ஆனால் கேள்வியைக் கேட்பது சித்தியாகவே இருக்கட்டும், கையெழுத்துப் போடுவதும் அவரே.

ஆபரேஷன் நடந்த பக்கம் ஊசி குத்தினாலோ பிரஷர் பார்த்தாலோ கை வீங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், அதை மந்திரம்போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். 2016இல் வெளியான, 600க்கும் மேற்பட்ட பெண்களை அளந்து பார்த்த ஆய்வில் அப்படித் தொடர்பு தெரியவில்லை. மறு கை கிடைக்கும்போது மறு கையைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அவசரத்துக்கு எந்தக் கையானாலும் ஊசி போடவிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் போகும் முன், ஒரு தையல் டேப்பால் சித்தியின் இரண்டு கைகளையும் அளந்து வையுங்கள். உள்ளங்கையைச் சுற்றி, மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, முழங்கையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே என்று நான்கு இடம். டேப் தோலில் பதியாமல், தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். எந்தக் கை பழகிய கையோ அது கொஞ்சம் பருமனாக இருப்பது இயல்புதான், அதற்காகவே முன்கூட்டி அளப்பது. தேதியோடு எழுதி டிஸ்சார்ஜ் சம்மரிக் கவரிலேயே போட்டுவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் மூன்று வருடம் அதே இடங்களில் அளக்க வேண்டும். மறு கையைவிட ஏதோ ஓரிடத்தில் புதிதாக 2 சென்டிமீட்டர் கூடினாலோ, டேப்பில் ஒன்றுமே தெரியாமல் சித்தி ‘கனமா இருக்கு’ என்று சொன்னாலோ, அந்த வாரமே காட்டுங்கள்.